கேட்காமல் நுழைந்த பதினொரு நிமிடங்கள்

மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. கடைக்காரர்கள் கண் அளவை அனுப்புவார்கள். நாங்கள் அதற்கேற்ப லென்ஸைத் தேய்த்து, சட்டத்துக்குள் உட்காரும்படி விளிம்பை வெட்டி, உள்ளங்கை அளவு அட்டைப்பெட்டியில் வைத்து, மாலை ஐந்து மணி வேனில் ஏற்றிவிடுவோம். எனக்கு லென்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. இங்கிருக்கும் நாற்பத்தொரு கணினிகளை உயிரோடு வைத்திருப்பதுதான் என் வேலை. படிக்கட்டுக்குக் கீழே, தலை குனிந்து நுழைய வேண்டிய ஒரு அறையில் உட்கார்ந்திருப்பேன். என் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் நான் ‘சிஸ்டம்’.

நான் அந்த அறையை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. யாருக்குப் பிரச்சினையோ அவருடைய கணினிக்குள் என் மேசையிலிருந்தே போய்விடுவேன். இதைப் பலர் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். விஷயம் எளிது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறிய நிரல் சத்தமில்லாமல் காத்திருக்கிறது. நான் கூப்பிட்டதும் அது தன் திரையை ஒரு படமாக எனக்கு அனுப்பும். முழுப் படத்தை ஒரே ஒரு முறைதான் அனுப்பும். பிறகு திரையில் எந்த மூலை மாறுகிறதோ அந்த மூலையை மட்டும் அனுப்பும். அதனால்தான் அவ்வளவு வேகம். பதிலுக்கு என் கை எங்கே நகர்ந்தது, எதை அழுத்தியது என்ற செய்தி அங்கே போகும். அங்கிருந்து படம் வருகிறது, இங்கிருந்து கையசைவு போகிறது. அவ்வளவுதான்.

ஆனால் நுழைவதற்கு முன் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்துத் திரையில் ‘உள்ளே வரலாமா?’ என்று ஒரு பெட்டி தோன்றும். ‘வரலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் பொருள். தீப்பிடித்தது போன்ற அவசரத்துக்காக என் பக்கத்தில் மட்டும் ‘கேட்காமல் நுழை’ என்று மூன்றாவது பொத்தான் ஒன்று உண்டு. அதை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று நான்கு வரியில் ஒரு விதி எழுதி மாடியில் தண்ணீர்க் குடுவைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். அந்த நான்கு வரியையும் எழுதியவன் நான்தான். கீழே என் கையெழுத்துகூட இருக்கிறது.

அன்றைக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் போட வேண்டியிருந்தது. இருப்பதிலேயே வயதான கணினியில் முதலில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். அது தாங்கினால் மற்றவை தாங்கும். வயதான கணினி ஆர்டர் அக்காவுடையது. கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களையெல்லாம் வாங்கி, எது முதலில் போக வேண்டும் என்று தேய்ப்பவர்களுக்குச் சொல்பவர் அவர். மதியம் ஒன்று ஒன்பதுக்கு ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்டேன். முப்பது விநாடி ஓடியது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முப்பது விநாடி.

ஐந்து நிமிட வேலை. அவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும். தெரியவே தெரியாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். எங்கேயும் தீப்பிடிக்கவில்லை.

உள்ளே போனதும் எனக்குக் கண் கூசியது. திரை முழுக்க ஆர்டர் கோப்புகள், கைப்பிடி அரிசியை வீசியது போல. எண்ணிப் பார்த்தேன்: எண்பத்தேழு. பின்னால் ஒரு குடும்பப் படம். ஆனால் யார் முகமும் தெரியவில்லை. ஒரு வயதான அம்மாவின் தலையில் ஒன்பது கோப்புகள். பக்கத்தில் நின்ற மனிதர் கழுத்திலிருந்து இடுப்பு வரை கோப்புகளால் மூடப்பட்டிருந்தார். நடுவில் ஒரு சிறுமி. அவள் சட்டையில் ஐந்து. ஓரத்தில் ஒரு வாலிபர் மீசை வரை புதைந்து கிடந்தார்.

அப்டேட்டின் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. முப்பது சதவீதம். முப்பத்தொன்று. எனக்குக் கை அரித்தது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ‘பெயர்ப்படி அடுக்கு’ என்று ஒரு வசதி இருக்கிறது. அழுத்தினேன். எண்பத்தேழு கோப்புகளும் ஒரே மூச்சில் இடது ஓரத்துக்கு ஓடி, எண் வரிசையில் நின்றன. குடும்பமே வெளியே வந்து சிரித்தது. நான் அவர்களைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். விருந்துக்குப் போன வீட்டில் யாரும் கேட்காமலே பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறவனின் பெருமையோடு, அப்டேட்டின் முதல் பாதி முடிந்ததும், ஒன்று இருபத்தொன்றுக்கு வெளியேறினேன்.

ஒன்று நாற்பத்தைந்துக்குத் தொலைபேசி அலறியது.

“தம்பி, என் கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?” ஆர்டர் அக்கா. குரலில் பாத்திரம் தேய்த்ததற்கான நன்றி எதுவும் இல்லை. “எல்லாம் ஓரமா போய் வரிசையா நிக்குது! என் படமெல்லாம் காலி!”

“படம் நல்லாத்தானே தெரியுதுக்கா?”

“படம் தெரியறதுதாம்பா பிரச்சினை!”

அப்போதே நான் வாயைத் திறந்து ‘நான்தான்க்கா’ என்று சொல்லியிருக்க வேண்டும். திறந்தேன். ஆனால் உள்ளேயிருந்து வேறு வார்த்தை வந்துவிட்டது.

“அப்டேட் ஆகியிருக்கும்க்கா.”

இந்தத் தொழிலில் ‘அப்டேட்’ என்பது எதையும் தாங்கும் தோள். பிரிண்டர் நின்றாலும் அப்டேட், சத்தம் வராவிட்டாலும் அப்டேட். யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அக்காவும் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டு, “சரி, பழையபடி மாத்திக் குடு” என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எந்தக் கோப்பு திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கணினி ஒரு குறிப்பாக எழுதி வைத்திருக்கும். அடுக்கச் சொன்னால் அந்தக் குறிப்பின் மேலேயே புதிய இடத்தை எழுதிவிடும். பழையதை வைத்துக்கொள்ளாது. கோப்பை அழித்தால் குப்பைத் தொட்டியில் தேடலாம். இடத்தை அழித்தால் தேடுவதற்குத் தொட்டி கிடையாது.

“அது வராதுக்கா. கோப்பெல்லாம் பத்திரமாத்தானே இருக்கு? ஒண்ணும் போகலையே?”

“கோப்பு இருக்குடா. எது அவசரம்னு கோப்புலயா எழுதியிருக்கு?”

பிறகு அக்கா விளக்கினார். கடையிலிருந்து வரும் கோப்புக்கு வெறும் எண்தான் பெயர். அவசரம் என்பதைக் கடைக்காரர் தொலைபேசியில்தான் சொல்வார். சொன்னதும் அக்கா அந்தக் கோப்பை இழுத்துக் கொண்டுபோய் மகள் சட்டையில் வைத்துவிடுவார். ஏனென்றால் மகளுக்கு எல்லாமே இப்போதே நடக்க வேண்டும். புகார் வந்த ஆர்டர்கள் மாமியார் தலையில். கடைக்காரரின் பதிலுக்காகக் காத்திருப்பவை கணவர் மேல். “அவர்தான் எதுக்கும் பதில் சொல்ல மாட்டாரே.” முடிந்துபோனவை, இனி யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாதவை, கொழுந்தன் மேல்.

ஆறு வருடமாக எங்கள் நிறுவனத்தின் அவசரம் முழுவதும் ஒரு சிறுமியின் சட்டையில் இருந்திருக்கிறது. இவ்வளவு துல்லியமான ஒரு ஏற்பாட்டை நான் அரிசி கொட்டியது என்று நினைத்தேன்.

“இன்னிக்கு அஞ்சு அவசரம். ரெண்டு ஞாபகம் இருக்கு, அனுப்பிட்டேன். மீதி மூணு எதுன்னு தெரியல. அதுல ஒண்ணு ஒரு பஸ் டிரைவரோடது. கண்ணாடி உடைஞ்சு போச்சாம், விடியற்காலை அவருக்கு வண்டி. எந்தக் கடைன்னுகூட நினைவில்ல. அங்க வச்சுட்டு மனசுலேர்ந்து விட்டுடுவேன், அதுக்குத்தானேப்பா அங்க வைக்கிறதே!”

போன மாதம் ஒரே ஒரு பெட்டி வேனில் ஏறாமல் போனதற்கு மேலாளர் அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. அது எனக்கும் தெரியும். அக்கா அதைச் சொல்லவில்லை. கடைகளுக்கு ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

என் பொய் என்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. இரண்டரைக்குள் மாடி முழுக்க ஏறி இறங்கிவிட்டது. பேக்கிங் அண்ணன் நேரில் வந்து, என் அறைக்குள் தலையை மட்டும் நுழைத்தார்.

“தம்பி, உன் அப்டேட்டு என் மிஷின் பக்கம் வந்துச்சுன்னா ஒயரைப் பிடுங்கிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“அண்ணே, அது அப்படியெல்லாம் எதையும் கலைக்காதுண்ணே.”

“அக்காவுக்குக் கலைச்சிருக்கே?”

அந்தப் பாதுகாப்பு அப்டேட் பாவம். உலகத்தில் உள்ள திருடர்களிடமிருந்து எங்களைக் காக்க வந்தது. அதை நான் திருடனாக்கிவிட்டேன். மூன்று மணிக்குள் நாற்பது பேரில் முப்பது பேர் ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் தன் திரையைக் கைபேசியில் ஐந்து கோணத்தில் படம் எடுத்து வைத்திருந்தார்.

மூன்றேகாலுக்கு மேலாளர் கூப்பிட்டார். “யாராவது உள்ள புகுந்திருக்காங்களான்னு பார்த்துடுப்பா. உன் படிவம் ஒண்ணு இருக்கே, அதை நிரப்பிக் குடு. ஏதாவது வைரஸ்னு போட்டு முடிச்சாலும் சரிதான், எனக்குப் புரியவா போகுது.”

அந்தப் படிவமும் என் கைவேலைதான். யார் நுழைந்தது, எப்போது, எதற்காக, யாருடைய அனுமதியுடன் என்று நான்கு கட்டங்கள். விசாரணை செய்ய வேண்டியவன் நான். விசாரிக்கப்பட வேண்டியவனும் நான். சாட்சி சொல்ல வேண்டிய பதிவேடும் என் பொறுப்பில்.

பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அந்தக் கருவி ஒரு வரி எழுதும். 1.10, ஆர்டர் பிரிவு, கேட்காமல். வரிக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவில் ஒரு படம் இருந்தது.

அந்தப் படத்தை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூடக் கவனித்ததில்லை. நுழைந்ததும் முழுத் திரையும் ஒரே ஒரு முறை வரும் என்று சொன்னேன் அல்லவா? அந்த முதல் படத்தைக் கருவி தூக்கிப் போடுவதில்லை. எந்த வரி எந்தக் கணினி என்று எனக்கு எளிதாகத் தெரியட்டும் என்பதற்காக ஓரத்தில் சேமித்து வைக்கிறது. அதை அழுத்தினேன். பெரிதானது. மாமியார், கணவர், மகள், கொழுந்தன். எண்பத்தேழு கோப்புகள், அடுக்குவதற்கு முன் இருந்த அதே இடங்களில். மகளின் சட்டையில் ஐந்து. எண்கள்கூட வாசிக்கும்படி இருந்தன.

துள்ளிக் குதித்தேன். படிக்கட்டின் அடிப்பக்கத்தில் தலை இடித்தது. பிறகு மெல்ல உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் என் பெயரும், நேரமும், ‘கேட்காமல்’ என்ற சொல்லும் அச்சாகியிருந்தன. வெட்டி எறியலாம். எறிந்தாலும், இந்தப் படம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று அக்கா கேட்பாரே, அந்தக் கேள்வியை எந்தக் கத்தியால் வெட்டுவது?

மூன்றே முக்காலுக்கு மனைவிக்கு அழைத்தேன். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். மெதுவாகப் பேசுவது அவள் தொழில். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

“என்னங்க, போன வருஷம் நம்ம சமையலறை அலமாரியை டப்பா உயரப்படி அடுக்கினீங்களே, ஞாபகம் இருக்கா?”

“அது வேற.”

“நாலு நாள் நான் உப்பு தேடினேன். ‘பூனை தட்டிவிட்டிருக்கும்’னு சொன்னீங்க. நம்ம வீட்டுல பூனையே இல்ல.”

“இப்ப நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லு.”

“எனக்கு இங்க ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கார். நீங்களும் திறங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்றைய லென்ஸ்கள் தேய்த்தாகிவிட்டன; விளிம்பு வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு ஜோடி லென்ஸுக்கு எட்டு நிமிடம் ஆகும். மூன்று ஜோடிக்கு இருபத்து நான்கு. பெட்டியில் வைக்க, முகவரி ஒட்ட இன்னும் ஐந்து. நாலரைக்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் வேனைப் பிடிக்க முடியாது. நாலு ஐந்துக்கு அந்தப் படத்தைப் பெரிய தாளில், மேல் ஓரத்தை வெட்டாமல், அச்சடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அக்கா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பதினேழாவது கடையோடு பேசிக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன். முதலில் அவர் கண் மகளின் சட்டைக்குத்தான் போனது. “ஐயோ, இதுதான்! இதோ நாப்பத்தி மூணு அறுபது, இதான் டிரைவர்!” தொலைபேசியை வைத்தார். மூன்று எண்களை உரக்க வாசித்தார், உள்ளேயிருந்து ஒரு குரல் ‘போட்டாச்சு’ என்றது, இயந்திரம் கிர்ரென்று தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் கண் தாளின் மேல் ஓரத்துக்கு ஏறியது.

நான் சன்னலைப் பார்த்தேன்.

“ஒண்ணு பத்து” என்றார் அக்கா. “அப்ப நான் சாப்பிட்டுட்டு இருந்தேன்.”

“ஆமாக்கா.”

“அப்டேட்டுக்குக் கை கால் எல்லாம் இருக்கா தம்பி?”

“நான்தான்க்கா அடுக்கினேன். பார்க்க ஒழுங்கில்லாம இருந்துச்சு. உதவியா இருக்கும்னு நினைச்சேன்.”

“யாருக்கு?”

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பது போல.

“இது மாதிரி என் படம் எத்தனை வச்சிருக்க?”

“ஆறுக்கா. மத்த அஞ்சும் நீங்க ‘வரலாம்’னு சொல்லி வந்தது.”

“வரலாம்னுதானே சொன்னேன்? படம் எடுத்துக்கோன்னு சொன்னேனா?”

அதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. என் வசதிக்காக ஒரு கருவி செய்வதை யாரும் கேட்கவில்லையே என்பதால் நானும் சொல்லவில்லை. இருவரும் கீழே போனோம். அக்கா தலை குனிந்து என் அறைக்குள் நுழைந்து, நான் பழைய ஐந்து படங்களையும் அழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஆறாவதை வைத்துக்கொள்ளச் சொன்னார். “இது படிவத்தோட போகட்டும்.”

“புகார் கொடுக்கப் போறீங்களாக்கா?”

“பின்னே? நீ திருப்பிக் கொடுத்ததுக்கு நன்றி. எடுத்ததுக்குப் புகார். ரெண்டும் வேற வேற கணக்கு.”

நான்கு ஐம்பத்தாறுக்கு மூன்று பெட்டிகளும் வேனில் ஏறின. நான் படிவத்தை நிரப்பினேன். யார்: நான். எப்போது: 1.10 முதல் 1.21 வரை. எதற்காக: அப்டேட்டுக்காக; அடுக்கியது யாரும் சொல்லாமல். யாருடைய அனுமதியுடன்: இல்லை.

மறுநாள் காலை மேலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

“இவ்வளவு சீக்கிரமா எப்படிப்பா கண்டுபிடிச்ச?”

“தூரம் கம்மி சார்.”

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது போலவும் தெரியவில்லை. எனக்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். மூன்றாவது பொத்தானுக்கு இனி இரண்டு கடவுச்சொற்கள் வேண்டும் என்றார். ஒன்று என்னுடையது. இன்னொன்றை ஆர்டர் அக்கா வைத்துக்கொள்வார். பிறகு நாற்பத்தொரு பேருக்கும் என்னையே ஒரு அஞ்சல் அனுப்பச் சொன்னார். நான் எழுதினேன்: ‘நேற்று ஆர்டர் பிரிவில் கோப்புகளைக் கலைத்தது அப்டேட் அல்ல. நான். அப்டேட் நிரபராதி. இனி உங்கள் கணினிக்குள் வருமுன் கேட்பேன். வந்தால் உங்கள் திரையின் படம் என்னிடம் தங்காது. அந்த வசதியை நிறுத்திவிட்டேன்.’

முன்பெல்லாம் எல்லாக் கணினிகளிலும் அப்டேட் போட ஒரு பிற்பகல் போதும். இந்த முறை நான்கு நாள் ஆனது. ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்டால், வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு ‘வரலாம்’ அழுத்துகிறவர்கள்கூட இப்போது தொலைபேசியை எடுத்தார்கள். என்ன செய்யப் போகிறாய், எவ்வளவு நேரம், அப்டேட்டைத் தொடங்கும் அந்த நீலப் பெட்டி எதற்கு, நடுவில் நான் எழுந்து போனால் என்ன ஆகும். நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பேக்கிங் அண்ணன் ஒயரை ஒரு கையில் பிடித்தபடியே முழு அப்டேட்டையும் பார்த்தார். திரையில் மாறிய மூலை மட்டும்தான் கம்பி வழியே போகிறது என்று சொன்னதும், “அப்ப மாறாத இடம் சும்மா கிடக்குமா? அட!” என்று ஒயரை விட்டுவிட்டார். பத்து வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. தண்டனைக் காலத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருக்கக்கூடாது என்று முகத்தைக் கொஞ்சம் சுருக்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஆர்டர் அக்கா. அவர் கணினியில் அன்று போட்ட அப்டேட்டின் இரண்டாம் பாதி பாக்கி இருந்தது. கேட்டேன். ‘வேண்டாம்’ என்று வந்தது. மறுநாள் கேட்டேன். ‘வேண்டாம்’. இரண்டையும் படிவத்தில் எழுதினேன். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, இருபத்தெட்டாவது விநாடியில், ‘வரலாம்’ என்று வந்தது.

உள்ளே போனேன். மவுஸ் சுட்டியை அப்டேட்டின் பக்கம் நகர்த்தினேன். அது வரவில்லை. திரையின் நடுவில் நின்றுகொண்டு நடுங்கியது. ஒரு விநாடி ஏதோ கோளாறு என்று நினைத்தேன், பிறகு புரிந்தது. ஒரே திரையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுட்டியை அசைத்தால் அது இரண்டு பக்கமும் இழுபடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கைதான் ஜெயிக்கும். கருவியை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாடியில் அக்கா தன் சுட்டியைப் பிடித்திருந்தார்.

தொலைபேசி அடித்தது.

“எங்க போகணும்னு சொல்லு” என்றார் அக்கா. “நான் கூட்டிட்டுப் போறேன்.”

நான் என் சுட்டியிலிருந்து கையை எடுத்தேன். “வலது பக்கம், கீழக்கா. அந்த நீலப் பெட்டி.”

திரையில் சுட்டி நிதானமாக வலது பக்கம், கீழே இறங்கியது.